மழலை வகுப்பின் அறம் – 7: ‘இவனைத் தூங்க விடாதீங்க டீச்சர்’

அமெரிக்காவில் மழலைக் கல்விக்காரர்கள் படிக்கும் ‘யங் சில்ரன்’ இதழில் 1987-இல் ஒரு சிக்கலை அச்சிட்டிருந்தார்கள். நான்கு வயதுப் பையனின் அம்மா டீச்சரிடம் வந்து, மத்தியானம் இவனைத் தூங்க விடாதீர்கள் என்று கேட்கிறார். இங்கே தூங்கினால் ராத்திரி 10 மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான்; அவரோ காலை 5 மணிக்கு எழுந்து வேலைக்கு ஓட வேண்டும். டீச்சருக்குத் தெரிந்தது வேறு. அந்த ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் பையன் சாயங்காலம்வரை அழாமல், யாரோடும் மல்லுக்கட்டாமல் இருக்கிறான்.

டீச்சர் என்ன செய்ய வேண்டும்?

குழந்தையை அடிக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. இதற்கு யோசிக்க வேண்டும். இதில் கெட்டவர் யாருமில்லை. அம்மா கேட்பதும் நியாயம், பையனின் உடம்பு கேட்பதும் நியாயம். இதை எழுதி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வாசகர்களிடமே கேட்டவர் ஸ்டெஃபனி ஃபீனி. ஹவாய் பல்கலைக்கழகத்தில் மழலைக் கல்வி கற்பித்தவர். அதே பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் கென்னத் கிப்னிஸ் அவரோடு சேர்ந்து உழைத்தார். இருவரும் டீச்சர்களின் அன்றாடச் சங்கடங்களைக் கேட்டுத் திரட்டினார்கள். அந்த உழைப்பிலிருந்துதான், சிறு குழந்தைகள் கல்விக்கான அமெரிக்கத் தேசியச் சங்கம் 1989-இல் ஏற்ற அறநெறித் தொகுப்பு பிறந்தது. குழந்தை, குடும்பம், உடன் வேலை செய்வோர், சமூகம் என்று அது நான்கு பக்கமும் பேசுகிறது. எல்லா விதிக்கும் மேலே நிற்கும் விதி ஒன்றுதான்: குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது.

இப்படி ஒரு தொகுப்பு ஏன் வேண்டும் என்பதை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மழலைக் கல்வி அறிஞர் லிலியன் காட்ஸ் எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் இரண்டு எனக்கு இந்தத் தொடர் முழுவதும் கூடவே வருகின்றன. முதலாவது, அதிகாரம். நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் டீச்சருக்கு இருக்கும் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாது. பிள்ளை ஆளை மாற்றிக்கொள்ள முடியாது. மேலிடத்தில் புகார் எழுத முடியாது. பல நேரம் நடந்ததைச் சொல்லவும் வார்த்தை போதாது. எதிரே நிற்பவர் எவ்வளவு எளியவரோ, அவ்வளவுக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாடு வேண்டும். இரண்டாவது, டீச்சர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற குழப்பம். பிள்ளைக்கா, பணம் கட்டும் பெற்றோருக்கா, சம்பளம் தரும் நிர்வாகத்துக்கா, ஊருக்கா? மருத்துவரிடம் போனால் நோயாளி யார் என்பதில் சந்தேகம் வராது. இங்கே அது தினமும் வருகிறது.

தூங்கும் பையனிடம் திரும்புவோம். ஃபீனியின் வழியில், ஒருவரைத் தோற்கடித்து இன்னொருவரை ஜெயிக்க வைக்கும் முன் நடுவில் பாதை உண்டா என்று தேட வேண்டும். ஒரு மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்துப் பார்க்கலாம். சாப்பாடு முடிந்த கையோடு படுக்க வைத்துச் சீக்கிரம் எழுப்பலாம். ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது, டிவி எத்தனை மணிவரை ஓடுகிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம். அந்தப் பேச்சில் குற்றம் சாட்டும் தொனி துளியும் வரக் கூடாது. தூக்கம் கெட்டு நிற்கும் தாயின் அலுப்பும் கடைசியில் பையன் மீதுதான் இறங்கும். எதுவுமே பலிக்காமல், தூங்காத நாளெல்லாம் பிள்ளை துவண்டுதான் போகிறான் என்றால், டீச்சர் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் முடிவு. சுற்றிலும் எல்லாரும் உறங்கும் அறையில், கண் செருகும் ஒரு பிள்ளையை மட்டும் உலுக்கி உலுக்கி விழிக்க வைப்பது கிட்டத்தட்ட தண்டனை. மாற்றுக் கருத்துள்ள நல்ல டீச்சர்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதாடத் தயார்.

ஆனால் ஒரு வழியை மட்டும் ஏற்கவே முடியாது. அதுதான் எல்லாவற்றிலும் சுலபமானது. அம்மாவிடம் “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் பையனைத் தூங்க வைப்பது. பையனுக்குத் தூக்கம் கிடைத்துவிடும், டீச்சருக்குச் சண்டை மிச்சம். ராத்திரி அவன் ஏன் விழித்திருக்கிறான் என்று அந்தத் தாய் மட்டும் புரியாமல் தவித்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தலையாட்டல் நம் ஊர் எல்.கே.ஜி. வகுப்புகளில் வேறு உருவத்தில் நடக்கிறது. “பக்கத்து ஸ்கூல்ல மூணு பக்கம் எழுதுறாங்களாம்” என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். மூன்றரை வயது விரல்கள் பென்சிலுக்கு இன்னும் பழகவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். விளையாட்டின் வழியாகவே கற்க வேண்டும் என்று 2013-இன் தேசிய மழலைப் பருவக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. இருந்தும் “சரி சார்” என்கிறார். பிறகு பிள்ளையின் கையைத் தன் கைக்குள் பிடித்து வரி வரியாக எழுதி நோட்டை நிரப்புகிறார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளை எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை என்பது அந்த நோட்டைப் பார்க்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்த டீச்சரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குறைந்த சம்பளம், அட்மிஷன் குறைந்தால் முதலில் போவது அவர் வேலை. தனியாக நின்று “முடியாது, காரணம் இது” என்று சொன்னால் அதைத் திமிர் என்பார்கள். இதே வார்த்தையை, “எங்கள் தொழிலின் விதி இது” என்று அச்சிட்ட தாளைக் காட்டிச் சொல்ல முடிந்தால் நிலைமை மாறும். அமெரிக்கச் சங்கம் 1989-இல் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்தது அந்தத் தாளைத்தான். இங்கே இலவசக் கட்டாயக் கல்வி உரிமையே 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வயதைக் கையில் வைத்திருக்கும் நர்சரி டீச்சர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கூடி உட்கார்ந்து, தங்கள் சங்கடங்களைத் தாங்களே எழுதி, தங்களுக்கான விதிகளைத் தமிழில் தாங்களே வகுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்டும் செலவை அரசு ஏற்க வேண்டும்.