மண்ணின் பௌதிக இயல்பும் கிணற்று நீரும்

கமக்காரர் தம் நிலத்தின் இயல்பை அறிதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்துக. நறநறவென்று உதிர்வது மணல். பசைபோல் ஒட்டி நாடாவாக நீள்வது களி. 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கைகளே களியாகும். அவற்றின் இடைவெளி மிக நுண்ணியதாதலால் நீர் மெல்லவே இறங்கும். காலபோக நெல்லுக்கு இது நன்று.

கோப்பாய், சுன்னாகம் முதலிய இடங்களிலுள்ள செம்மண்ணோ, களி கலந்திருந்தும் நீரை விரைந்து இறக்கும். அதன் துணிக்கைகள் இரும்பு ஒட்சைட்டினாற் பிணைக்கப்பட்டுச் சிறு திரளைகளாய் நிற்பதே காரணம். அதன்கீழ் வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல் உண்டு. வேர் கொள்ளாது எஞ்சிய நீர், யூரியாவிலிருந்து தோன்றும் நைத்திரேற்றையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பல இதனைத் தாண்டியமை ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் பச்சிளங் குழந்தைகட்குக் கேடு.

ஆதலால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பசளையை ஒரே தடவையில் இடாது பகுத்து இடுக; நீரைச் சிறுகச் சிறுக அடுத்தடுத்து இறைக்க; குழையும் எருவும் தாழ்த்தி மண்ணின் நீர்ப்பிடிப்பை வளர்க்க. தோட்டத்தில் வீணாகும் பசளை, நம் வீட்டுக் குடத்திலேயே வந்து சேரும்.