தூக்கி வந்த பிறகு

வாயில்லா ஜீவன்கள் – 9

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாயைப் போர்வையில் சுற்றி எப்படித் தூக்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: “தூக்கிட்டு வந்தாச்சு, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. இனிமே என்ன செய்யணும்?” இந்தத் தொடரை நான் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். காப்பாற்றுவது ஒரு மணி நேர வேலை. அதற்கு நாலு பேர் ஓடி வருவார்கள், ஆட்டோக்காரர் காசு வேண்டாம் என்பார். கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஜீவனுக்கு ஆள் வேண்டும்.

வடசென்னையில் ஒற்றை அறை வீட்டில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். தெருமுனையில் வண்டி ஏறி, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன நாய் ஒன்று அவரிடம் இருக்கிறது. பெயர் மணி. முதுகுத்தண்டில் பலமாக அடிபட்டால் கால்களோடு போவதில்லை. மூத்திரப்பை நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் நரம்பும் பல நேரம் சேர்ந்தே செத்துவிடும். நாயால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. அது உள்ளேயே தேங்கினால் கிருமி சேர்ந்து சிறுநீரகம்வரை ஏறும். விபத்தில் தப்பிய எத்தனையோ நாய்கள் இதில்தான் போய்ச் சேருகின்றன.

அதனால் காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறார். மணிக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவன் அடிவயிற்றின் இரு பக்கமும், தொடைக்குச் சற்று முன்னால் வைக்கிறார். விரல் நுனியால் குத்தக் கூடாது, உள்ளங்கைதான். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உள்ளே ஒன்று தட்டுப்படும். அதை மெதுவாக, பிடியை விடாமல், வால் பக்கமாக அழுத்த வேண்டும். “அவசரப்பட்டா வயித்த எக்கிக்குவான் தம்பி. நாம நிதானமா இருந்தா அவனும் தளர்த்திக் குடுப்பான்” என்றார். கால்நடை மருத்துவர் தன் கையை அவர் கை மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்த வித்தை இது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக அழுத்திப் பார்க்க வேண்டாம்; மருத்துவரிடம் நேரில்தான் பழக வேண்டும்.

வெட்டி ஒதுக்கிய துணித் துண்டுகளைப் பழைய தலையணை உறைகளில் திணித்து, சின்னச் சின்ன மெத்தைகளாகத் தைத்து வைத்திருக்கிறார். ஒன்று மணிக்கு அடியில், ஒன்று கொடியில், ஒன்று துவைக்க. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வெறுந்தரை பட்டால் படுக்கைப் புண் வரும். அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் மறுநாளே புழு நெளியும். ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறார். பிவிசி குழாயில் செய்த சக்கர வண்டியும் இருக்கிறது. அதை மாட்டினால் மணி தெருவில் ஓடுகிறான். ஆனால் வண்டியோடு நாயால் படுக்க முடியாது. கொஞ்ச நேரம் உலாவவிட்டுக் கழற்றிவிட வேண்டும்.

“ஊசி போட்டு அனுப்பிடலாமே, புண்ணியமாப் போகும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். தீராத வலியில் துடிக்கும் உயிருக்கு அந்த முடிவும் கருணைதான். மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மணி மூன்று வேளை சாப்பிடுகிறான், குப்பை வண்டி வந்தால் தெருவே அதிரக் குரைக்கிறான். அவன் வாழத்தான் வேண்டும்.

எல்லா ஜீவனுக்கும் இவ்வளவு தேவைப்படாது. ஆனால் முதல் சில நாட்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பயந்த நாயை வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரு கிண்ணம் தண்ணீர். அதுவாக எழுந்து வந்து உங்கள் காலை மோந்து பார்க்கும்வரை விடுங்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்ததற்குத் தட்டு நிறையச் சோறு போடுவதும் ஆபத்து. ஒடுங்கிய உடம்பு அதைத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுக்க வேண்டும்.

பூனைக்குட்டி கிடைத்தால் எல்லோரும் முதலில் பசும்பாலைத்தான் எடுக்கிறார்கள். அது பேதியாகும், அந்தப் பேதியே குட்டியைக் கொண்டுபோய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான பால் மாவு வேண்டும். அதற்கும் முன்னால் குட்டியின் உடம்பு சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்துபோன குட்டிக்குப் புகட்டினால் செரிக்காது. கண் திறக்காத குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகத் தெரியாது. தாய் நக்கிவிடும். தாய் இல்லாதபோது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம்தான் துடைத்துவிட வேண்டும். இன்னொன்று: காய்ச்சல் என்று நினைத்து நாம் போடும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்தால் அது செத்துவிடும். அரை மாத்திரையே உயிரை எடுக்கப் போதும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் சட்டம் கடமை வைத்திருக்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றார். அந்த முயற்சியின் பலன்தான் 1960-ம் ஆண்டின் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சட்டத்தின் 11-வது பிரிவைப் படிக்கும்போது எனக்கு நம் தெருக்களின் கேட்டுகள்தான் கண்ணில் வருகின்றன. நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போகாததும் குற்றம். போதிய சோறும் தண்ணீரும் நிழலும் தராதது, காரணமில்லாமல் கைவிட்டுப் போவது, எல்லாமே குற்றம். முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஹஸ்கியும் லாப்ரடாரும் காப்பக வாசலில் கட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொற்ப அபராதம் எவ்வளவு பெரிய கொடுமை என்று புரியும்.

வாடகை வீடு, வேலை, உடம்பு என்று வளர்க்க முடியாத காரணங்கள் பலருக்கும் உண்டு. அவர்கள் காப்பகங்களுக்குப் போகலாம். பிஸ்கட் பாக்கெட்டைவிட அங்கே பழைய செய்தித்தாளுக்கும் கிழிந்த பெட்ஷீட்டுக்கும் தேவை அதிகம். முடிந்தால் வாரநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சுவதற்கு ஆள் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மதியம் கூண்டு கழுவவும், ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ளவும்தான் ஆள் போதாது.

(தொடரும்)