படிக்க மட்டும்தானே?

கதவுப் பூட்டைத் திறக்கவோ கீசரைப் போடவோ ஏஐ ஏஜென்டுக்கு அனுமதி கொடுக்கப் பலரும் தயங்குவார்கள். அதே சாதனங்களின் தரவைப் ‘படிக்க மட்டும்’ அனுமதி கேட்டால் யோசிக்காமல் சம்மதித்துவிடுவார்கள். ஏஜென்ட் என்பது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்கும் மென்பொருள் இல்லை. நம் சார்பில் மின்னஞ்சலைத் திறக்கும், நாட்காட்டியைப் பார்க்கும், இணையத்தில் தேடும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், ஏஐயை வெளித் தரவோடும் கருவிகளோடும் இணைக்கும் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. வீட்டுச் சாதனங்களை ஒருங்கிணைக்கும் ‘ஹோம் அசிஸ்டென்ட்’ மென்பொருள் அடுத்த சில மாதங்களிலேயே அதை ஏற்றுக்கொண்டது. அதனால் வீட்டை ஏஜென்டுக்குக் காட்டுவது இப்போது மிக எளிது. ஆனால் இயக்கும் அனுமதியைவிடப் படிக்கும் அனுமதி சிறியது என்ற எண்ணத்துக்குத்தான் ஆதாரம் இல்லை.

மின்சார மீட்டரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1980களில் இதை ஆராய்ந்த ஜார்ஜ் ஹார்ட், வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரத்தை மட்டும் அளந்தே உள்ளே எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியலாம் என்று காட்டினார். ஒவ்வொரு கருவியும் இயங்கும்போதும் நிற்கும்போதும் மின்சுமை தனக்கே உரிய அளவில் ஏறி இறங்குகிறது, அதுவே அடையாளம். அவருடைய விரிவான கட்டுரை 1992இல் வெளியானது. அந்த அறிவு பின்னர் நீதிமன்றம்வரை போனது. இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகராட்சி 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்மார்ட் மீட்டர் தரவைச் சேகரித்ததை எதிர்த்து நடந்த வழக்கில், அப்படிச் சேகரிப்பது சட்டப்படி ஒரு வீட்டுச் சோதனைதான் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொன்னது. குற்றவழக்குப் போடும் நோக்கம் இல்லாததால் அது நியாயமான சோதனை என்று அனுமதிக்கவும் செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது அதன் எச்சரிக்கை: 15 நிமிடம் இன்னும் குறைந்தாலோ, தரவு மின்துறைக்கு வெளியே எளிதில் போனாலோ முடிவு மாறக்கூடும். இன்றைய ஸ்மார்ட் பிளக்குகள் பலவும் சில நொடிகளுக்கு ஒரு முறை, அதுவும் கருவி வாரியாகவே கணக்குத் தருகின்றன. ஹார்ட்டின் கணிதம்கூடத் தேவையில்லை.

சாதனம் செய்த நிறுவனத்திடம் இந்தத் தரவு ஏற்கெனவே இருக்கிறதே, ஏஜென்ட் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பிளக் நிறுவனத்துக்குப் பிளக் தெரியும், பூட்டு நிறுவனத்துக்குப் பூட்டு தெரியும். இரண்டையும் உங்கள் ரயில் முன்பதிவு மின்னஞ்சலோடும் மருத்துவரைப் பார்க்கும் நாளோடும் சேர்த்து வாசிக்கும் இடத்தில் ஏஜென்ட் இருக்கிறது. தவிர, வீட்டுத் தரவு வீட்டுக்காரருடையது மட்டுமல்ல. வேலைக்கு வரும் அம்மா எத்தனை மணிக்கு வந்தார், தாத்தா இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதும் அதில் பதிவாகிறது. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

படிப்பதால் எதுவும் நடந்துவிடாது என்ற வாதத்துக்கு 2025 ஆகஸ்டில் ஒரு பதில் கிடைத்தது. கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினியை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நாட்காட்டி அழைப்பு ஒன்றில் ஒளித்துவைத்த வாசகத்தால் ஏமாற்றி, வீட்டு விளக்குகளை அணைக்கவும் கொதிகலனை இயக்கவும் செய்துகாட்டினார்கள். பயனர் கேட்டதெல்லாம் நாட்காட்டியின் சுருக்கத்தைத்தான். இந்தத் தாக்குதலை அறிந்து கூகுள் பாதுகாப்பைக் கூட்டியது. அங்கே இயக்கும் அனுமதியும் இருந்ததே எனலாம், உண்மைதான். ஆனால் புகுந்த வழி படிப்பது. தான் வாசிக்கும் தகவலையும் தனக்கு இடப்பட்ட கட்டளையையும் இந்த மென்பொருள்கள் இன்னும் திடமாகப் பிரித்தறிவதில்லை. வீட்டுத் தரவைப் படிக்கவும் வெளியே செய்தி அனுப்பவும் முடிந்த ஏஜென்ட் இப்படி ஏமாந்தால், வீட்டில் ஆளில்லாத நேரம் அந்நியர் கைக்குப் போக விளக்கு அணையவே வேண்டியதில்லை.

பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியே வாழும் பெற்றோரைத் தொலைவிலிருந்து கவனிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அவர்களுக்கு வேண்டியது ‘காலை எட்டு மணிக்குள் சமையலறையில் நடமாட்டம் இருந்ததா’ என்பதற்கு ஆம், இல்லை என்ற பதில். அதை வீட்டிலிருக்கும் சிறு கணினியே கணக்கிட்டு, பதிலை மட்டும் ஏஜென்டிடம் தரலாம். மின்கட்டணத்தைக் குறைக்கக் கருவி வாரியான தினசரி மொத்தம் பெரும்பாலும் போதும். கேமராப் பதிவுக்கு அங்கே வேலையே இல்லை. எந்தச் சாதனத்தை ஏஐக்குக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஹோம் அசிஸ்டென்டில் இருக்கிறது. எவ்வளவு நேர இடைவெளியில், எத்தனை நாள் பழைய பதிவுவரை என்று கட்டுப்படுத்தும் வசதியையும் சாதனம் விற்பவர்களிடம் கேட்க வேண்டும். நாள்கணக்கு போதுமான வேலைக்கு நொடிக்கணக்கையும் சேர்த்தே தந்தாக வேண்டும் என்றால், அந்தச் சாதனத்தை ஏஜென்டோடு இணைக்காதீர்கள்.