பழங்காகிதமும் பழம்புடவையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியில் எங்கள் குடியிருப்பில் முதலில் எழும் குரல் கபாடிக்காரருடையது. மிதிவண்டியின் பின்புறம் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, பழைய காகிதம், பழைய இரும்பு, உடைந்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடைக்கு வாங்கிச் செல்வார். ஊரிலிருந்து உறவினர் கட்டிக் கொண்டுவந்து கொடுத்த தமிழ் வார இதழ்களும், இங்கே வரும் ஆங்கில நாளிதழ்களும் அவருடைய தராசுத்தட்டில் ஒன்றாகவே ஏறும். எந்த மொழி எழுத்துக்கும் எடை ஒன்றுதான். நாளெல்லாம் ஒரு மொழியை மற்றொரு மொழியாக்கும் அலுவலில் இருக்கும் எனக்கு இது சிறிது மனவருத்தம் தருவதுண்டு. அதனால் சென்ற ஆண்டு கோடைவிடுமுறையில் ஒரு சாக்கு நிறைந்த காகிதத்தை விற்காமல் நிறுத்திவைத்தேன். நேயர்களே, அதிலிருந்து எங்கள் வீட்டில் தொடங்கிய சில எளிய கைவேலைகளைப் பற்றியே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

நம்மில் பலர் காகிதக்கூழ்க் கூடைகளைப் பார்த்திருப்போம். தஞ்சை மாவட்டத்தில் எங்கள் சிற்றூரில் பாட்டிமார் கோடையில் செய்யும் வேலைகளுள் அதுவும் ஒன்று. வடகம் பிழிந்து முடித்த கையோடு கூழ் அரைக்கத் தொடங்குவார்கள். அதற்கு வேண்டியவை பழங்காகிதமும் வெந்தயமும் வெயிலும்தாம். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் சிறு துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் நீர் விரைவில் உட்செல்லும். அரைத்தபின் நாரோடு நார் பின்னிக்கொள்ளவும் செய்யும். வழவழப்பான வண்ண அட்டைகள் இதற்கு ஆகா. அவற்றின்மேல் வெண்களி பூசியிருப்பதால் எளிதில் ஊறமாட்டா. நாளிதழே சிறந்தது. இரண்டு மூன்று நாள் நாள்தோறும் நீரை மாற்றி ஊறவிட்டால் அச்சுமையும் ஓரளவு கழன்றுபோகும்.

அரைக்கிலோ காகிதத்திற்கு ஒரு பெரிய கைப்பிடி வெந்தயம் போதும். அதை இரவே நனைத்துவைத்து, காலையில் காகிதத்துடன் சேர்த்து வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். ஆட்டுக்கல் இல்லாத அடுக்குமாடி வீடுகளில் மின் அரைவை இயந்திரத்தில் சிறிது சிறிதாகப் போட்டு, தாராளமாக நீர்விட்டு அரைத்துப் பின்னர் துணியில் பிழிந்துகொள்ளலாம். இல்லத்தரசியாரின் அனுமதி பெறாமல் இதைச் செய்வது நன்றன்று என்பதை அனுபவத்தால் கூறுகிறேன். வெந்தயத்தின் கொழகொழப்பே இங்கே பசை. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பாட்டிமார் நம்பிக்கை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்த மெல்லிய துணியைப் போர்த்தி, கூழை விரற்கனத்துக்குச் சற்றுக் குறைவாக எங்கும் ஒரே சீராக அப்ப வேண்டும். துணியைப் போர்த்த மறந்தால் கூடையும் பாத்திரமும் பிரிய மறுத்துவிடும். ஒருநாள் நிழலிலும், பிறகு வெயிலிலும் உலர்த்துக. டில்லியின் கோடைக்காற்று ஈரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். தொடக்கத்திலேயே வெயிலில் வைத்தால் கூடை வெடிக்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்போர்க்கு இதற்கு நேர்மாறான தொல்லை. மழைக்காலத்தில் அங்கே கூழ் காயாமல் பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே மழை ஓய்ந்த மாதங்களையே நாட வேண்டும். வெடித்த இடத்தில் மீண்டும் கூழை அப்பிச் சரிசெய்யலாம் என்பது இவ்வேலையின் பெருந்தன்மை.

இக்கலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. காசுமீரத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் சைனுல் ஆபிதீன் என்னும் அரசர் காலத்தில் வேரூன்றியதாகச் சொல்லப்படும் காகிதக்கூழ்க் கலையில் அரிசிப்பசை கலப்பார்கள். உருவத்தைச் செய்வோர் ஒருவர், அதன்மேல் ஓவியம் தீட்டுவோர் வேறொருவர். பீகாரின் மிதிலைப் பகுதியில் இவ்வேலை பெண்கள் கைவழியே வளர்ந்தது; அங்கே கூழ்ப்பொம்மைகள் செய்துவந்த சுபத்ரா தேவி அம்மையாருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. காகிதத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர் ஒருவரையும் நினைக்க வேண்டும். 1892-இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1934-இல் வார்தாவில் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராய் இருந்து, நலிந்துபோயிருந்த கைக்காகிதத் தொழிலுக்கும் உயிரூட்டப் பாடுபட்டவர். ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் பருத்தித்துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்யும் காகசி மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் குமரப்பாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. இராஜஸ்தானத்தில் வாழும் தமிழன்பர்கள் ஒருமுறை அவ்வூருக்குச் சென்று, கந்தல் காகிதமாவதைக் கண்டு வரலாம்.

இனிக் கயிற்று வேலை. என் மகள் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒருநாள் கண்ணன் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, உறி என்றால் என்ன?" என்று கேட்டாள். பாண்டங்களை வைத்தற்பொருட்டுக் கயிற்றால் அமைத்துத் தொங்கவிடப்படும் தூக்கு என்று, அகராதி எழுதுவாரைப்போல் விடையிறுத்தேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உறியைக் கண்டிராத பிள்ளைக்கு, கண்ணன் ஏன் தோழர் தோள்மீது ஏறினான் என்பது எப்படி விளங்கும்? எறும்புக்கும் பூனைக்கும் எட்டாதபடி தயிரையும் வெண்ணெயையும் தொங்கவிட்ட காலம் குளிர்ப்பெட்டி வந்ததும் போயிற்று. பொருள் போனால் சொல்லும் பின்னாலேயே போய்விடுகிறது. சரி, ஒன்று செய்தே காட்டிவிடுவோம் என்று கடைத்தெருவுக்குச் சென்று கயிறு வாங்கிவந்தேன்.

உறி கட்டுவது கடினமன்று. நான்கு கயிறுகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளம். நான்கையும் ஒரு வளையத்தில் கோத்து, நடுவில் மடித்தால் எட்டுப் புரிகள் தொங்கும். வளையத்தின் கீழே எட்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. அங்கிருந்து ஒன்றரை அடி கீழே, இரண்டிரண்டு புரிகளாகச் சேர்த்து நான்கு முடிச்சுகள் ஒரே மட்டத்தில் இட வேண்டும். அதற்கு நான்கு விரற்கடை கீழே, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் ஒரு புரியை எடுத்து அண்டை முடிச்சின் புரியோடு சேர்த்து மீண்டும் நான்கு முடிச்சுகள். இப்போது கண்கள் தோன்றி வலை உருவாகிவிடும். பிறகு எட்டையும் ஒன்றுசேர்த்து அடியில் இறுக்கிக் கட்டினால் சட்டி உட்காரும் இடம் அமைந்துவிடும். மட்டம் தவறினால் சட்டி சாயும். நான் கட்டிய முதல் உறி சாய்ந்தது. பூச்செடித் தொட்டியைத் தொங்கவிட விரும்புவோர், நீர் பட்டால் இற்றுப்போகும் சணலைத் தவிர்த்து நைலான் கயிற்றைக் கொள்ளுக. இத்தகைய வேலைகள் இன்று கடைகளில் மாக்ரமே என்ற பிறநாட்டுப் பெயரோடு நல்ல விலைக்கு விற்கின்றன. இந்தியில் இதே உறிக்குச் சீங்கா என்று பெயர், வங்காளத்தில் சிகா. வங்கத்துச் சிகாக்களில் சணலை முறுக்கியும் பின்னியும் செய்யும் அழகு தனி. எங்கள் உறியில் இப்போது வெங்காயம் தொங்குகிறது. கதைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை என் மகள் தன் தோழிக்கு இந்தியில் விளக்கியபோது, உறி என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டு மேலே கையைக் காட்டினாள்.

கம்பளி நூல் வேலையைத் தமிழர்களாகிய நாம் பெரும்பாலும் வடக்கே வந்துதான் கற்கிறோம். மார்கழியில் வெயில் தலைகாட்டியவுடன் புல்தரையில் பாயை விரித்து, வேர்க்கடலையைக் கொறித்தவாறே ஊசிகளைப் பார்க்காமல் பின்னும் பெண்மணிகளை டில்லியிலும் பஞ்சாபிலும் எங்கும் காணலாம். அவர்கள் பேச்சில் இரண்டே சொற்கள் அடிக்கடி வரும்: சீதா, உல்ட்டா. இவ்விரண்டையும் நேர், மறி என்று தமிழில் சொல்லலாம். ஊசியிலுள்ள ஒவ்வொரு நூல்வளையத்தையும் அவர்கள் ஃபந்தா என்கிறார்கள். அதற்குச் சுருக்கு என்று பொருள். நம் மொழியில் கண்ணி என்ற சொல்லும் வேடன் வைக்கும் சுருக்கைக் குறிப்பதுதான். எனவே அதையே இதற்கும் வைத்துக்கொள்வதில் தடையில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய தற்செயல்கள் வழியில் கிடைத்த பழம்.

புதிதாகத் தொடங்குவோர் கையுறை, காலுறை என்று ஆசைப்படாமல் ஒரு கழுத்துத்துணி பின்னுக. நான்கிழைக் கம்பளி நூலில் நாற்பது கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னினால் ஏழெட்டு அங்குல அகலத்தில் இருபுறமும் ஒரேபோல் தோன்றும் துணி கிடைக்கும். நேரும் மறியும் மாறி மாறி வரிசைகளாகப் பின்னினால் துணி வழவழப்பாக இருக்கும். ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். தொடங்குவோர் தவறெல்லாம் ஒன்றே: நூலை இறுக்கிப் பிடிப்பது. வரிசை முடியுந்தோறும் கண்ணிகளை எண்ணிவருதல் நன்று. நாற்பது நாற்பத்து மூன்றானால் எங்கோ நூல் பிளந்திருக்கிறது என்று பொருள்.

துணி வேலையில் மிக எளியது பின்னல் மிதியடி. சடை பின்னத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம். கிழிந்த நூல்புடவையை நீளவாட்டில் இரண்டங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சடைபோல் பின்னிக்கொண்டே போக வேண்டும். மூன்றும் வெவ்வேறு நீளமாய் இருத்தல் நலம். இன்றேல் ஒட்டுகள் ஒரே இடத்தில் வந்து புடைக்கும். பின்னலைத் தரையில் வைத்து நத்தையோடுபோல் சுற்றி, பக்கத்தோடு பக்கம் தடித்த நூலால் தைக்க வேண்டும். மடியில் வைத்து இழுத்துத் தைத்தால் விரிப்பு தட்டையாக இராது, கிண்ணம்போல் குழிந்துவிடும். ஒரு புடவையில் இரண்டடி அகலமுள்ள வட்டம் தாராளமாய் அமையும்.

ஆனால் எல்லாப் புடவையையும் கிழிக்கக் கை வருவதில்லை. என் அன்னையார் காலமானபின், அவர் உடுத்த இரண்டு சுங்குடிப் புடவைகளைத் தமக்கையார் என்னிடம் கொடுத்தனுப்பினார். நைந்த புடவைகள். உடுத்த இயலாது, பிறருக்குக் கொடுக்கவும் மனம் இல்லை. நான்காண்டுகள் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தன. மாடிவீட்டில் குடியிருக்கும் வங்காளத்து அம்மையார் ஒருநாள் அவற்றைக் கண்டு, "எங்கள் வீட்டில் இதைப் பெட்டியில் வைக்கமாட்டோம், காந்தா தைத்துவிடுவோம்" என்றார். வங்க நாட்டில் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைக்குக் காந்தா என்று பெயர். பிறந்த குழந்தையை முதலில் அதில்தான் சுற்றுவார்களாம். பலமுறை துவைத்து இளகிய துணியைவிடக் குழந்தையின் தோலுக்கு இதமானது வேறெது? கிராமத்துப் பெண்கள் தைத்த காந்தாக்களை ஊர் ஊராய்ச் சென்று திரட்டிய குருசதய தத்தர் (1882–1941) ஓர் அரசாங்க அதிகாரி. கோப்புகளுக்கு நடுவிலும் இதற்கு அவருக்கு நேரம் இருந்திருக்கிறது.

காந்தாவுக்குப் புடவையை வெட்ட வேண்டுவதில்லை, மடித்தாலே போதும். இதுவே எங்களுக்குத் துணிவு தந்தது. தரையைத் துடைத்து, ஒரு புடவையை நான்கு மடிப்பாக விரித்து, மூலைகளில் கனமான புத்தகங்களை வைத்தோம். சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவி, முதலில் பெரிய பெரிய தையல்களால் மடிப்புகளைத் தற்காலிகமாகப் பிணைத்து, பிறகு ஓரங்களை உள்மடித்துத் தைத்தோம். அதன்பின் நடுவிலிருந்து வெளிநோக்கி வரிசை வரிசையாகச் சிறு ஓட்டுத்தையல். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் கூடிப் புடைத்துவிடும். தையல்கள் நெருங்க நெருங்கத் துணியின்மேல் நீரில் காற்றடித்தாற்போல் சிற்றலைகள் எழுகின்றன. காந்தாவை அடையாளம் காட்டுவது அவ்வலைகளே. தைப்பதற்கு நூல் கடையில் வாங்குவதில்லை. பழைய காந்தாக்காரர்கள் புடவைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவிக்கொள்வார்கள். ஈரத்துணியால் கரையை நனைத்துக்கொண்டு, ஊசிமுனையால் ஓர் இழையை நெம்பி மெல்ல இழுத்தால் வருகிறது, அவசரப்பட்டால் அறுந்துபோகிறது.

சுங்குடியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிய வெண்புள்ளிகள் இருக்குமன்றோ? என் மகள் அப்புள்ளிகளைச் சுற்றியே தைத்துச் செல்கிறாள். வங்காளத்து அம்மையாரின் தாமரையையும் மீனையும் அவள் ஏற்கவில்லை. நாள்தோறும் இரவுணவுக்குப்பின் அரைமணி நேரம் தையல் நடக்கிறது. அப்போது பாட்டி எப்படி இருப்பார், எதற்குச் சிரிப்பார் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நானும் என் துணைவியாரும் மாறி மாறிச் சொல்லிவருகிறோம். போர்வையில் இன்னும் ஒரு மூலை பாக்கி. முதற்புடவையின் கரையில் சிவப்பிழை தீர்ந்துவிட்டது. மீதியைத் தைப்பதற்கு இரண்டாவது புடவையை நேற்றுத்தான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தோம்.