பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வாசற்படி

அண்ணனின் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "சின்னத் தாத்தா, அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே காலேஜுக்கு கிரெடிட் சேத்துக்கலாமாம். இங்கயும் அதுமாதிரி வருதாமே, எனக்குக் கெடைக்குமா?" பக்கத்திலிருந்த அண்ணன், "இன்னா கிரெடிட்டு, பேங்க் லோனா?" என்றார். சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தபோது அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பட்டது.

கிரெடிட் என்பது படிப்பை அளக்கும் அலகு. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் சட்டகம் 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட் என்கிறது. ஒரு வருஷத்து 1200 மணி நேரத்துக்கு 40 கிரெடிட். பள்ளிப் படிப்பையும் அது இதே கணக்குக்குள் கொண்டுவருகிறது. இப்படிச் சேர்வதை வரவு வைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஏற்படுத்தியதற்கு ‘கல்விக் கிரெடிட் வங்கி’ என்றே பெயர். ஆசிரியர் போட்டுவைப்பவர், மாணவர் வாங்கி வைத்துக்கொள்ளும் பெட்டி என்று நடக்கிற கல்வியை ‘வங்கிமுறைக் கல்வி’ என்று பாவ்லோ ஃப்ரெய்ரே கண்டித்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவர் உருவகமாகச் சொன்னது இன்று நிறுவனமாகவே எழுந்து நிற்கிறது.

ஆனால் கிண்டலோடு நிறுத்திக்கொள்வது நமக்குச் சௌகரியம், அவளுக்குப் பதிலாகாது. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் பார்ப்போம். அது ஒன்றல்ல, இரண்டு. 1950களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று மேட்டுக்குடித் தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. பள்ளியின் கடைசி வருஷத்தில் படித்ததையே பையன்கள் கல்லூரியின் முதல் வருஷத்திலும் படிக்கிறார்களே என்பது அவர்களது கவலை. இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாக 1955இல் காலேஜ் போர்டு நடத்தத் தொடங்கியதுதான் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பாடம். முடிவில் 1 முதல் 5 வரை மதிப்பிடும் தேர்வு. அதற்குக் கிரெடிட் தருவதும் தராததும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு. இரண்டாவது கதை 1974இல். நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ‘மிடில் காலேஜ்’ என்று ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள்தான் அங்கே சேர்க்கப்பட்டார்கள். முன்னது முந்திப் போகிறவனுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. பின்னது கல்லூரியையே பார்த்திராதவனைக் கல்லூரிக்குள் உட்காரவைத்தது. பெயர் ஒன்றாயிருந்தாலும் அரசியல் வேறு.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. நாம் அதை இப்படிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு காலத்தில் பள்ளி முடித்தவர் கல்லூரியில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்தார். 1950களில் அது ஒரு வருஷப் புகுமுக வகுப்பாக, அதாவது பி.யு.சி.யாகச் சுருங்கியது. கோத்தாரிக் குழு 1966இல் தந்த அறிக்கையின் வழியில் 10+2+3 என்ற அமைப்பு வர, 1978இல் இங்கே பி.யு.சி. போய் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளுக்குள் வந்தன. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவிலுள்ள வாசற்படி இயற்கையில் அமைந்ததல்ல. அரசு நகர்த்தினால் நகர்வது.

எங்கள் வீடே இதற்குச் சாட்சி. அண்ணன் பதினோராவது முடித்து, வெளியூரில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தவர். எல்லாப் பாடமும் இங்கிலீஷ். "வாத்தியார் வாய் அசையறது தெரியும்டா, இன்னா சொல்றார்னு தெரியாது" என்பார். பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். நான் 1978இல் பத்தாவது முடித்தேன். முதல் பிளஸ் ஒன் கூட்டத்தில் ஒருவன். ஏறக்குறைய அண்ணன் பார்த்து மிரண்ட அதே பாடம்தான். ஆனால் தமிழில் இருந்தது, சைக்கிள் போகிற தூரத்தில் இருந்தது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கிடையாது. அப்படியும் 1980இல் தேறினேன். எனக்கு அண்ணனைவிடப் புத்தி அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. வாசற்படி என் பக்கம் நகர்ந்திருந்தது.

அதே வாசற்படியை வேறு பக்கமாக இழுத்தவர்களும் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் ஓட்டுவது பல தனியார் பள்ளிகளில் வழக்கமாயிற்று. மதிப்பெண் வந்தது, மெடிக்கல் இன்ஜினியரிங் வந்தது. ஒரு வருஷத்துப் படிப்பு காணாமல் போனது. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அது எடுக்கப்பட்டும்விட்டது. ‘சீக்கிரம்’ என்ற சொல் நம் ஊரில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே உள்ள படிப்பைப் பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்பார். மூலதனம் உள்ளவனுக்குத்தான் எந்த வங்கியும் முதலில் கதவு திறக்கும்.

ஒரு நண்பர் மறுத்தார்: "கிரெடிட் முறை அன்னைக்கு இருந்திருந்தா ஒங்க அண்ணன் படிச்ச ஆறு மாசம் வீணாகியிருக்காதே?" நியாயமான கேள்வி. இந்த வங்கியில் கிரெடிட் அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். ஆனால் அண்ணன் திரும்பிப் போகாததற்குக் காரணம் கணக்கு காலாவதியானதல்ல. மொழியும் காசும்தான் காரணம். அவை அப்படியே இருக்க, ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் வெளியேறினால் பட்டயம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை அமைத்திருக்கும் வழிகள் யாருக்கு வெளியேறும் வழியாகவே நின்றுவிடும்? திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளில் ஒரு சாதிச் சான்றிதழ் வாங்குவதே போராட்டம். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அதற்காகப் பல வருஷம் அலைந்திருக்கிறார்கள். ஒரு தாளுக்கே இந்தப் பாடு என்றால், எண்ணும் கணக்குமாக நிற்கிற வங்கியை அந்தப் பிள்ளை எப்படி அணுகும்?

மதிப்பை வேறு விதமாகக் கணக்கிடவும் முடியும். 2020இல் வந்த மருத்துவ இடங்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், 2022இல் தொடங்கி மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததையே ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டன. எத்தனை மணி நேரம் படித்தாள் என்பதோடு, எந்த நிலைமையில் படித்தாள் என்பதும் கணக்கில் வந்தது. தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. கிரெடிட் பற்றிய இன்றைய சொல்லாடலில் விடுபட்டுப்போனது அந்த இரண்டாவது பொருள்.

ஆகவே பேத்திக்கு நான் சொன்னது: "கெடைச்சா வாங்கிக்க, வேணாங்காத. ஆனா எந்த மொழியில நடத்துவாங்க, யார் நடத்துவாங்க, பணம் கட்டணுமா, ஒன் கிளாஸ்ல எல்லாருக்கும் உண்டா, இதையெல்லாம் மொதல்ல கேளு." பிறகு அண்ணன் பி.யு.சி. போன கதையைச் சொன்னேன். அவளுக்கு அதுவரை தெரியாது. "தாத்தா, நீ காலேஜுக்குப் போனியா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "போனேன், ஆறு மாசம்" என்றார் அண்ணன்.