பொது அடுப்பில் உலை, உழவனுக்கு விலை!

காப்பியும் சர்க்கரையும் சோயாவும் மாட்டிறைச்சியும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிற நாடு பிரேஸில். அங்கே பட்டினி என்றால் நம்பத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பட்டினி இருந்தது. அதிலும் விந்தை, உணவை விளைவிக்கிற சிறு குடியானவன் வீட்டிலேயே அது குடிகொண்டிருந்தது!

2017இல் எடுத்த விவசாயக் கணக்கின்படி, அந்நாட்டில் 100 பண்ணைக்கு 77 பண்ணை குடும்பமே பாடுபடுகிற பண்ணை. நிலத்திலோ அவற்றின் பங்கு 23 சதவிகிதம்தான். கப்பலேறும் சரக்கு பெரும்பாலும் பெரும் பண்ணையுடையது. சட்டிக்கு வரும் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் சிறியவர்களுடையது. (சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற மரவள்ளிக்குப் பூர்விகமும் அந்த மண்தான்.)

தரகன் சொன்ன விலை

சிறு குடியானவனுக்கு விளைவிப்பதைவிட விற்பதுதான் பெரும்பாடு. நாலு மூட்டைக் கிழங்கையும் ஒரு கூடைக் கீரையையும் பட்டணத்துக்குக் கொண்டுபோக வண்டிக்கூலி கட்டுமா? போய்ச் சேர்ந்தாலும் விலை சொல்வது தரகன். "இஷ்டமானால் கொடு, இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோ" என்பான். கீரை நாளைவரை காத்திராது என்பது அவனுக்கும் தெரியுமே!

இதற்கு ஒரு வழி கண்டது பெலோ ஹொரிஸான்டே நகரம். 1993இல் மேயர் பாட்ருஸ் அனானியாஸ் காலத்தில், உணவுக்கென்றே நகரசபையில் தனி இலாகா தோன்றியது. மறு ஆண்டு மலிவு விலையில் சாப்பாடு போடும் மக்கள் போஜனசாலை திறந்தார்கள். கிராமத்தார் தரகனில்லாமல் விற்க நகரத்தில் இடமும் ஒதுக்கினார்கள். பசித்தவனையும் விளைவித்தவனையும் ஒரே இலாகா கவனித்ததுதான் புதுமை. மற்ற ஊர்களில் இவன் ஓர் ஆபீஸுக்கும் அவன் ஓர் ஆபீஸுக்கும் அலைவதுதானே வழக்கம்!

2003இல் ஜனாதிபதி லூலாவின் சர்க்கார் இதைத் தேசம் முழுவதற்கும் விரித்தது. ஏற்பாடு எளிது. டெண்டர் கிடையாது. அந்தந்த வட்டாரத்துச் சந்தை விலையை ஒட்டிச் சர்க்காரே சிறு குடியானவனிடம் வாங்குகிறது. சரக்கு அருகிலுள்ள பொதுச் சமையலறைக்கும் அனாதை விடுதிக்கும் போகிறது. ரசாயனம் போடாமல் விளைந்ததென்றால் 30 சதவிகிதம்வரை கூடுதல் விலை உண்டு. பெரிய கைகள் புகுந்துவிடாதபடி, ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று வரம்பும் வைத்தார்கள்.

குடியானவனுக்கு இதில் கிடைப்பது பணம் மட்டுமா? விதைக்கும்போதே வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியமும் கிடைக்கிறது. இத்தனை பேர் சாப்பாட்டுக்கு இவ்வளவு பூசணி வேண்டும் என்று தெரிந்தால், அதற்கேற்றபடி பாத்தி பிடிக்கலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய சர்க்கார் தரும் பணத்தில் 30 சதவிகிதமாவது சிறு பண்ணைகளில் செலவாக வேண்டும் என்று விதித்தது. அது சுமார் 4 கோடிப் பிள்ளைகளின் சாப்பாடு!

அடுப்பு அணைந்த காலம்

2014இல் ஐக்கிய நாடுகளின் பசி வரைபடத்திலிருந்து பிரேஸில் நீங்கியது. பிறகு காற்று திசை மாறிற்று. உணவு விஷயத்தில் சர்க்காருக்கு யோசனை சொல்லிவந்த தேசிய கவுன்சிலை 2019இன் முதல் நாளிலேயே கலைத்தார்கள். 2021இல் கொள்முதல் திட்டத்தின் பெயரே மாறியது, பணமும் வற்றியது. 2022இல் பிரேஸில் மறுபடி அந்த வரைபடத்தில் ஏறியது.

கொரோனாக் கொடுமையும் சேர்ந்த அந்த நாட்களில், சேரிகளில் ஜனங்களே அடுப்பு மூட்டினார்கள். வீடற்ற தொழிலாளர் இயக்கம் 2021இல் தொடங்கிய 'ஒற்றுமைச் சமையலறை'கள் ஊர் ஊராகப் பரவின. 2023 ஜூலையில் வந்த சட்டம் இவற்றுக்கு அங்கீகாரம் அளித்தது. அதே சட்டம் பழைய கொள்முதல் திட்டத்துக்கும் உயிர் கொடுத்தது. ஒரு குடும்பம் ஆண்டில் விற்கும் வரம்பு 12,000 ரெயாலிலிருந்து 15,000 ஆயிற்று. 2025இல் பசி வரைபடத்திலிருந்து பிரேஸில் மீண்டும் வெளியேறியது.

2024 மே மாதத்தில் தென் மாநிலமான ரியோ கிராண்டே தோ சுல் வெள்ளத்தில் மூழ்கியபோது, போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் வீடிழந்தவர்களுக்குச் சோறு போட்டவற்றில் இந்தச் சமையலறைகளும் உண்டு. ரசாயனமில்லாத நெல் விளைவித்த அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் வயல்களும் அதே வெள்ளத்தில்தான் போயின. பரிமாறியவன் பக்கமும் நஷ்டம்; விளைவித்தவன் பக்கமும் நஷ்டம். ஆனாலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.