கல் உப்பில் பொரிந்த குஞ்சுகள்

ஜவ்வாது மலையில் இறால் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஜமுனாமரத்தூரில் சாமை உண்டு, தேன் உண்டு, புளி உண்டு. உப்புகூட கீழேயிருந்துதான் ஏறி வரவேண்டும். அந்த உப்பை வைத்தே சென்ற ஐப்பசியில் என் சமையலறையில் ஆயிரக்கணக்கில் இறால் குஞ்சு பொரித்தேன், நம்புங்கள்!

எல்லாம் என் பையனால் வந்தது. அவன் வளர்த்த தங்கமீன் முட்டையிட்டு, ஊசிமுனை போலக் குஞ்சுகள் வந்தன. யாரோ சொன்னார்களென்று, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டேன். மறுநாள் தண்ணீர் நாறிப் பாதிக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. "நீதாம்மா கொன்னுட்டே" என்று அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது.

தூத்துக்குடியில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். அவள் வீட்டுக்காரர் உப்பளத்தில் கணக்குப் பார்ப்பவர். "இதுக்கா மதினி அழுதீங்க? ஆர்டீமியா முட்டை வாங்கிப் பொரிச்சுப் போடுங்க. நம்ம அளத்துல பாத்தீங்களே, அதேதான்" என்றாள்.

ஆமாம், பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், நடுப் பாத்திகளில் அது 100, 150 என்று ஏறும். அங்கே மீன் பிழைக்காது. தின்ன வருகிற எதிரி இல்லாததால் ஆர்டீமியாவின் ராஜ்யம்தான்! ஒரு சென்டிமீட்டர் நீளம், 11 ஜோடிக் கால்கள், மல்லாந்துதான் நீந்தும். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அதனால் உப்பும் சுத்தமாக விளையும். (உப்பில் பூச்சியா என்று முகம் சுளிக்காதீர்கள். உப்பு படிகிற கடைசிப் பாத்தியின் கடுமையில் அதுவும் பிழைக்காது.)

தூத்துக்குடியின் நாட்டு இனத்தில் ஆணே கிடையாது. தாய் தனியாகவே பெறும், பிறப்பதெல்லாம் பெண். இதைச் சொல்லிவிட்டு நாத்தனார் அவரை ஒரு பார்வை பார்த்தாள்! தண்ணீர் நன்றாக இருந்தால் உயிருள்ள குஞ்சாகவே போடும். உப்பு ஏறி நிலைமை மோசமானால் கெட்டி ஓடு போட்ட முட்டையாக இடும். அது காய்ந்து மணல் மாதிரி ஆனாலும் உள்ளே கரு வருஷக்கணக்கில் உறங்கும்.

இந்த உறக்கத்தைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். மீன் குஞ்சுகளுக்கு இது ஏற்ற ஆகாரம் என்று 1930-களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்டார்கள். இன்று நம் கடலோர இறால் பொரிப்பகங்களும் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் வாங்குவதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தின் பெரிய உப்பு ஏரிதான் உலகுக்கே முக்கியமான ஊற்று. வியட்நாமிலோ உப்பு விவசாயிகள் 1980-களிலிருந்து உப்போடு இதையும் வளர்த்து இரட்டை வருமானம் பார்க்கிறார்கள். நம் அளங்களில் இல்லாததா என்று எனக்கு ஆதங்கம்தான்.

சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு சிறு டப்பா வரவழைத்தோம். அதுவரை பாசி பிடித்த தொட்டித் தண்ணீரை ஊற்றி மீதிக் குஞ்சுகளைக் காப்பாற்றினோம். ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மேஜைக்கரண்டி கல் உப்பு, கால் டீஸ்பூன் முட்டை, அடியில் காற்றுக் குழாய். முதல் தடவை ஒன்றுமே பொரியவில்லை! அடைமழைக் குளிர், இதற்கு 28 டிகிரி வெப்பம் வேண்டுமாம். மறுபடி கலந்து, பாட்டில் பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டேன். மறுநாள் ராத்திரி ஆரஞ்சு நிறத் தூசிகள் துள்ளின. காற்றை நிறுத்தியதும் காலி ஓடுகள் மேலே மிதந்தன. ஓட்டைத் தின்றால் மீன் குஞ்சின் குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் வெளிச்சத்தை நோக்கிக் கூடும் குஞ்சுகளை மட்டும் குழாயால் இழுத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுத்தேன்.

பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும், சகோதரிகளே. பிறந்ததும் அதற்குச் சாப்பிடத் தெரியாது. கூடவே கொண்டுவந்த கருவின் சத்தைக் கரைத்துத்தான் உயிர் வாழும். நேரம் போகப் போக மீனுக்குக் கிடைக்கும் சத்தும் குறையும். சீம்பாலைத் தள்ளிப்போடாதே என்று நமக்குச் சொல்வார்களே, அதே அவசரம்.

அரை மணி நேரத்தில் கண்ணாடி போன்ற மீன் குஞ்சுகளின் வயிறெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது. பையன் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்து எண்ணினான். "நாப்பத்திமூணும்மா! எல்லாத்துக்கும் தொப்பை!"